நூற்றுப் பத்தாவது இதழ்

ராத்திரி மணி மூன்றே கால். ரொசாரியோவிலிருந்து காசில்தா போகிற சாலை. இரண்டு பக்கமும் அறுத்துப்போட்ட சோயா வயல், தரையோடு ஒட்டிக் கிடக்கிற பனி. எதிரே ஒரு லாரிகூட இல்லை. என் மச்சான் ஃபெர்மின் தனியாகக் காரை ஓட்டிக்கொண்டு போகிறான்.

தனியாக என்றா சொன்னேன்... பின் சீட்டில் ஒரு விண்கப்பல். ஒரு மீட்டர் நீளம். போர்வை சுற்றி, சீட் பெல்ட் போட்டு, குழந்தையை உட்கார வைத்த மாதிரி வைத்திருக்கிறான். பாட்டரியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டிருக்கிறான். அவ்வளவு ஜாக்கிரதை.

இருங்கள், அந்தச் சாலைக்கு அப்புறம் வருகிறேன். தீனோ, மெழுகுவத்தியைக் கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளு. சாந்தா ரோசா புயல் வந்தால் இந்த மாடல் கிளப்புக்குக் கரண்ட் காலையில்தான் வரும், காத்திருந்து பயன் இல்லை. கிராசியெலா, மாத்தே டீ உன் கையிலேயே நின்றுவிட்டது பார். உறிஞ்சிவிட்டு அடுத்த ஆளுக்குக் கொடு.

"மச்சான் கதையா? அப்போ உன் கதைன்னு சொல்லு, உபால்தோ."

சிரி, தீனோ. முதல் பாதியில் சிரிக்க இடம் இருக்கிறது. நானும் சிரித்தவன்தான். அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

உங்களுக்கு அந்த விண்கப்பல் மாடலைத் தெரியும். ஔரோரா. வாரா வாரம் செவ்வாய்க்கிழமை ஒரு இதழ், இதழோடு அட்டையில் ஒட்டிய ஒரு துண்டு. ஒரு வாரம் இறக்கை நுனி, ஒரு வாரம் நாலு திருகாணி. நூற்றுப் பத்து இதழ் வாங்கினால் ஒரு கப்பல். இரண்டு வருஷத்துக்கு மேலே. மெந்தோசா தெரு முனையில் ருலோவின் பத்திரிகைக் கடை இருக்கிறதே, அங்கே இரண்டு பேர் பெயர் எழுதி வைத்திருந்தார்கள். ஒருவன் ஃபெர்மின். இன்னொருவர் தோன் எவாரிஸ்தோ குவாலியா.

அவர் ரயில்வேயில் சிக்னல்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். எழுபத்தெட்டு வயது. மார்பில் சளி. அரைத் தெரு நடப்பார், நிற்பார், மூச்சு வாங்குவார், மறுபடி நடப்பார். வாயில் எப்போதும் யூக்கலிப்டஸ் இருமல் மிட்டாய். அதன் காகிதத்தைப் பிரிக்கிற சரசரப்பு கேட்டால் அவர் வந்துவிட்டார் என்று திரும்பிப் பார்க்காமலே தெரியும். கடைக்கு வந்தால் ஒரே கேள்விதான்.

"என்ன ருலோ, விளக்கு வந்துச்சா?"

ஏனென்றால் விளக்கு கடைசி இதழில்தான். அந்தப் பதிப்பகத்தாரின் சாமர்த்தியம் அது. முந்நூற்றுப் பன்னிரண்டு ஜன்னல் அந்தக் கப்பலுக்கு. ஒவ்வொன்றையும் ஊசி மாதிரி டிரில்லை விரலால் உருட்டி உருட்டித் துளைக்க வேண்டும். உள்பக்கம் முதலில் கறுப்பு அடித்து, அதன்மேல் வெள்ளை அடிக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒளி ஜன்னல் வழியாக வராது, கப்பல் முழுக்கக் கசிந்து லாந்தர் மாதிரி நிற்கும். அப்புறம் ஒவ்வொரு துளைக்கும் ஒரு ஒளியிழை. ஒட்டி, நகவெட்டியால் நுனியை நறுக்கி, அத்தனை இழையையும் ஒரு கற்றையாகக் கட்டி வைத்துக்கொண்டு உட்கார வேண்டும். அந்தக் கற்றையைச் சொருகுகிற சர்க்யூட் போர்டும் எல்.இ.டி.யும் பாட்டரிப் பெட்டியும் நூற்றுப் பத்தாவது இதழில். அது வராதவரை கப்பலுக்கு உயிர் கிடையாது.

ஃபெர்மினின் கப்பலுக்கு பிரைமர் பெயின்ட் அடித்துக் கொடுத்தவன் நான். என் இடது செருப்பைப் பாருங்கள். இந்தத் துணிச் செருப்பில் ஒரு சாம்பல் பொட்டு இருக்கிறதா? அது அன்றைக்குச் சொட்டியது. எத்தனையோ முறை துவைத்தேன்... போகவில்லை.

போன மார்ச். ஒரு செவ்வாய்க்கிழமை. நம் கிளப் கண்காட்சிக்குப் பதினொரு நாள் இருந்தது. ருலோவின் கடைக்கு நூற்றுப் பத்தாவது இதழ் வந்தது. ஒன்றே ஒன்று. மற்றதெல்லாம் பியூனஸ் அயர்ஸோடு நின்றுவிட்டது, இனி வராது என்று லாரிக்காரன் சொல்லிவிட்டுப் போய்விட்டான். ருலோ இதழின் மூலையில் பென்சிலால் 'குவாலியா' என்று எழுதி வைத்திருந்தான். அவர்தான் முதலில் பெயர் கொடுத்தவர்.

"மூணு வாரமா ஆளைக் காணோம். மார்ல சளின்னாங்க. வந்தா கொடுக்கணும்," என்றான் ருலோ.

ஃபெர்மின் அந்த அட்டையையே பார்த்தான். நான் பக்கத்தில் நிற்கிறேன், ருலோ கொடுத்த மாத்தே கையில்.

"உனக்குத் தெரியாதா ருலோ?" என்றான் ஃபெர்மின். குரலைத் தாழ்த்தி, துக்கம் சொல்கிறவன் சொல்வது போலவே. "பெரியவர் போயிட்டாரே. வெள்ளிக்கிழமை."

ருலோ சிலுவை போட்டுக்கொண்டான். அப்புறம் என்னைப் பார்த்தான். ஃபெர்மினின் வாயை அவன் நம்ப மாட்டான். என்னை நம்புவான், முப்பது வருஷப் பழக்கம்.

"நெஜமா, உபால்தோ?"

அந்த நேரத்தில் என்ன செய்திருக்கலாம்? "இல்லப்பா, சும்மா சொல்றான்" என்று மூன்று வார்த்தை. சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கலாம், யாருக்கும் மனத்தாங்கல் வந்திருக்காது. நான் மாத்தே குழலை வாயில் வைத்துக்கொண்டேன். குனிந்து என் செருப்பைப் பார்த்தேன்.

தலையை ஆட்டினேன்.

அவ்வளவுதான் நான் செய்தது. ருலோ இதழை ஃபெர்மினிடம் கொடுத்தான். பொய் சொல்லவில்லை என்று பல மாதம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உயிரோடு இருப்பவரைச் செத்ததாகச் சொன்னால் ஆயுசு கெட்டி என்பார்களே, அவருக்கு நல்லதுதான் செய்தோம் என்றுகூடச் சொன்னேன், என் பெண்டாட்டி நெலிதாவிடம். அவள் தட்டைக் கழுவப் போய்விட்டாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை, ருலோ கட்டுப் பிரித்துக்கொண்டிருக்கிறான். காகிதச் சரசரப்பு. யூக்கலிப்டஸ் வாசனை.

"என்ன ருலோ, விளக்கு வந்துச்சா?"

ருலோ கையில் இருந்ததைக் கீழே போட்டுவிட்டான். ஒரு கையால் சிலுவை போட்டான், இன்னொரு கை தானாகக் கால்சட்டையின் இடது பக்கத்துக்குப் போனது. இடத்தைச் சொல்ல வேண்டாம், பெண்கள் இருக்கிறீர்கள். அபசகுனம் பிடித்த ஆளைக் கண்டால், அது நம்மேல் ஒட்டாமலிருக்க, நம் ஊர் ஆம்பிளைகள் எதைத் தொட்டுக்கொள்வார்கள் என்று உங்களுக்குத் தெரியாதா என்ன.

"நீங்க... செத்துட்டதா..."

"நானா? யாரு சொன்னா?"

ருலோ எங்கள் பெயரைச் சொல்லவில்லை. அடுத்தவர் இதழைத் தூக்கிக் கொடுத்த வெட்கம் அவனுக்கு. "யாரோ சொன்னாங்க" என்றான். தோன் எவாரிஸ்தோ சிரித்தார். சிரிப்பு இருமலாகி, கடைப் பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

முனையில் உள்ள பாரில் அன்று மாலைக்குள் அது பெரிய வேடிக்கையாகிவிட்டது. "வாங்க, காலமானவரே! மேல விளக்கு வசதியெல்லாம் எப்படி?" "ஏன்யா திரும்பி வந்தீங்க, அங்கயும் கடைசி இதழ் வரலையா?" அவரும் சேர்ந்து சிரித்தார். ஒரு வாரம் சிரித்தார். அப்புறம் பார்த்தால், வேடிக்கை மெல்ல நிறம் மாறிவிட்டது. அவர் உள்ளே வந்தால் மேசைகளுக்கு அடியில் கைகள் இறங்கும். துருக்கோ சீட்டாட்டத்துக்கு அவரோடு ஜோடி சேர ஆள் இல்லை. ஒருத்தன் தோற்றான், "காலமானவர் பின்னாடி நின்னாரு, அதான்" என்றான். பெயரைச் சொல்வதையே விட்டுவிட்டார்கள். அவர் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து தனக்குத் தானே சீட்டுப் பரப்பி விளையாடுவார். நான் எதிர் மேசையில் இருப்பேன். எழுந்து போய் எதிரே உட்கார எனக்கு எத்தனை அடி? ஆறு அடி.

இதற்கு நடுவில் கண்காட்சிக்கும் வந்தார். உங்களில் பாதிப் பேர் அன்று இருந்தீர்கள். விளக்கை அணைத்தோம். ஃபெர்மின் சுவிட்சைத் தட்டினான். பின்னால் இரண்டு இயந்திரமும் நீலமாகப் பிடித்தன, அப்புறம் வரிசை வரிசையாக ஜன்னல்கள்... எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். தட்டி முடித்தபோது பக்கத்தில் யூக்கலிப்டஸ் வாசனை.

அவர் குனிந்து ரொம்ப நேரம் பார்த்தார். ஒரு கப்பலுக்கு மட்டும்தான் விளக்கு வந்தது என்று அவருக்குத் தெரியும். அது யாருடைய விளக்கு என்று கணக்குப் போட ஒரு சிக்னல்காரருக்கு எவ்வளவு நேரம் ஆகும்? ஆனால் அவர் சொன்னது இதுதான்:

"ரொம்ப சுத்தமான வேலை, தம்பி. மூணாவது வரிசையில, பின்னாடியிருந்து முதல் ஜன்னல் எரியல. பாருங்க."

ஃபெர்மின் பார்த்தான். உண்மைதான். அந்த ஓர் இழை உள்ளே ஒடிந்திருக்கிறது. கப்பலை உடைக்காமல் சரிபண்ண முடியாது. அவர் தொப்பியை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

ஜூலை மாதம், அந்தக் கொடும் குளிரில் செத்துப்போனார். நிஜமாக. ஒரு வெள்ளிக்கிழமை.

காசில்தாவில் இருக்கிற அவர் மகள் இர்மா, பாருக்கு போன் செய்திருக்கிறாள். "அப்பா தவறிட்டார், ராத்திரி முழுக்க உடம்பை வச்சிருக்கோம், எல்லாருக்கும் சொல்லுங்க." பார்க்காரன் "மறுபடியுமா?" என்று கேட்டுச் சிரித்துவிட்டு போனை வைத்தான். பார் முழுக்கச் சத்தமாகச் சொன்னான். பார் முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். அந்த வேடிக்கை எங்கே பிறந்தது என்று தெரிந்தவன் அங்கே நான் ஒருவன்தான். நானும் சிரித்தேன்.

இர்மா நாற்பது காபிக் கோப்பை வாடகைக்கு எடுத்து வைத்திருந்தாளாம். விடியும்வரை வந்தது நாலு பேர். அதில் ஒருவர் சவப்பெட்டி செய்கிற கடைக்காரர்.

மூன்றாம் நாள் ராத்திரி ஃபெர்மின் போன் செய்தான். மூன்று மணி. "மச்சான், வா... இப்பவே வா."

போனேன். வீடு முழுக்க விளக்கைப் போட்டு வைத்திருந்தான், வேலை செய்கிற அறையைத் தவிர. அங்கே இருட்டு. மேசையில் கப்பலின் விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. பசை வாசனையோடு அந்த இன்னொரு வாசனை.

"மூணாவது வரிசை பாரு," என்றான்.

இழை ஒடிந்த ஜன்னல்... எரிந்தது.

அப்புறம் அது அணைந்தது. எரிந்தது. அதற்கு அடுத்தது அணைந்தது, எரிந்தது. அதற்கு அடுத்தது. இருட்டில் நின்று பக்கத்து வீட்டைப் பார்க்கிறீர்கள், உள்ளே விளக்குக்கு முன்னால் ஒரு ஆள் நடந்து போகிறார்... அப்படி. ஐந்து ஜன்னல் போனது. நின்றது. ஒரு ஜன்னல் இருட்டாகவே இருந்தது, ஒரு நிமிஷம்... மூச்சு வாங்கிக்கொள்கிற மாதிரி. மறுபடி நடந்தது.

கேளுங்கள், அந்தக் கப்பலுக்குள் இடமே கிடையாது. இழை, பசை, கறுப்பு பெயின்ட். எறும்பு போக வழி இல்லை. நான் என் கையால் பாட்டரியைக் கழற்றினேன். கழற்றிய பிறகும் நடந்தது. பதினைந்தாவது ஜன்னலோடு அன்றைக்கு நின்றது. மறுநாள் ராத்திரி பதினைந்திலிருந்து தொடங்கியது.

முன்னால் கப்பலின் மூக்கில் மாலுமி அறை. அதற்கு மட்டும் பெரிய ஜன்னல், கட்டைவிரல் அகலம். எங்கே போகிறது என்று எங்களுக்குப் புரிந்துவிட்டது. அது அங்கே போய்ச் சேரும்வரை வீட்டில் வைத்திருக்க ஃபெர்மினுக்குத் தைரியம் இல்லை.

"இதை இர்மாகிட்டக் கொடுத்துட்டு வந்திடலாம். நீயும் வா மச்சான்."

"முழங்கால் வலி," என்றேன்.

அதையும் சொல்லிவிட்டேன். முழங்காலில் ஒன்றும் இல்லை.

ஆக, மணி மூன்றே கால். தனியாகப் போகிறான். காசில்தாவுக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு பழைய ரயில்வே கேட் இருக்கிறது, உங்களுக்குத் தெரியும். ரயில் போய்ப் பல வருஷம் ஆகிவிட்டது, தண்டவாளத்தில் புல். அந்த கேட்டில்... சிவப்பு விளக்கு எரிந்தது. ஃபெர்மின் பழக்கத்தில் பிரேக்கை மிதித்துவிட்டான்.

ரயில் வரவில்லை. எந்தச் சத்தமும் இல்லை. கண்ணாடியில் பின் சீட் வெளிச்சமாகத் தெரிந்தது. போர்வை நழுவிக் கிடந்தது. ஜன்னல்கள் ஒவ்வொன்றாக அணைந்து எரிந்தன... அணைந்து எரிந்தன... மூக்குவரை. பெரிய ஜன்னல் அணைந்தது. அது மறுபடி எரியவில்லை.

காகிதச் சரசரப்பு. அவன் தலைக்குப் பின்னால். மிட்டாய் பல்லில் தட்டுகிற சத்தம்.

குரலில் கோபமே இல்லையாம். கடையில் கேட்ட அதே மாதிரி. "யாரு சொன்னா?"

ஃபெர்மின் திரும்பவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அழுதான். "நான்தான் சொன்னேன்," என்றான். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"நான் மட்டும் இல்ல. ருலோ என்னை நம்பல. உபால்தோ தலையாட்டினான். அதான் கொடுத்தான்."

சிவப்பு விளக்கு அணைந்தது. பின் சீட்டும் இருட்டாகிவிட்டது.

விடியும்போது இர்மாவின் வாசலில் கப்பலோடு நின்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டானாம். அவள் அவனைத் திட்டவில்லை. உள்ளே கூப்பிட்டுக் காபி கொடுத்தாள். அவளுடைய அப்பாவின் கப்பல் அலமாரி மேல் இருந்தது, இழைக் கற்றை பின்னால் குதிரை வால் மாதிரி தொங்கியது. தன் கப்பலிலிருந்து போர்டைக் கழற்றி அதில் சொருகிக் கொடுத்துவிட்டு வந்தான். முந்நூற்றுப் பன்னிரண்டும் எரிந்தது. அன்றிலிருந்து ஃபெர்மின் நன்றாகத் தூங்குகிறான். கொஞ்சம் சதைகூடப் போட்டிருக்கிறான்.

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். போன செவ்வாய்க்கிழமை வரை நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ருலோவின் கடைக்குப் போனேன். எனக்காக வாராவாரம் எடுத்து வைக்கிற மாடல் பத்திரிகையை வாங்க. என்னைப் பார்த்ததும் கையில் இருந்ததைக் கீழே போட்டான்.

"நீ... உன்னை..."

"என்னடா?"

"காலையில ஒருத்தர் வந்தாரு. கடை இன்னும் சரியாத் திறக்கல, உள்ள இருட்டு. தொப்பி, மூக்கு வரைக்கும் மப்ளர். உபால்தோ வெள்ளிக்கிழமை போயிட்டான்னு சொன்னாரு. எந்த வெள்ளின்னு நான் கேக்கல. உன் பத்திரிகையைக் கேட்டாரு... கொடுத்துட்டேன்."

"யார்னே தெரியாத ஆளு சொன்னா நம்பிடுவியா?"

"அவரை நம்பல. கூட இன்னொருத்தர் நின்னாரு. கையில மாத்தே. வாயைத் திறக்கல, மூஞ்சியையும் காட்டல, கீழயே பார்த்துக்கிட்டு நின்னாரு. நெஜமான்னு கேட்டேன். தலையை மட்டும் ஆட்டினாரு." ருலோ பலகைக்கு மேலே எட்டி என் காலைப் பார்த்தான். அவன் முகம் வெளுத்தது. "உபால்தோ... அவர் செருப்புலயும் அந்தச் சாம்பல் பொட்டு இருந்துச்சு."

போன வெள்ளிக்கிழமை நான் உயிரோடுதான் இருந்தேன். இதே மேசையில், இதே நாற்காலியில், கிராசியெலா செய்த எம்பனாதா மூன்று தின்றேன். ஆகவே அந்த வெள்ளி இல்லை. இன்றைக்கு வியாழன். மணி... பன்னிரண்டுக்கு இன்னும் பத்து நிமிஷம்.

எனக்குப் பயம் இருக்கிறது, மறைக்கவில்லை. ஆனால் பயத்தைவிட வெட்கம்தான் அதிகம். அதனால்தான் இன்று உங்களிடம் சொன்னேன், ஒன்று கேட்பதற்காக. நெலிதா உங்களுக்கு போன் செய்தால் சிரிக்காதீர்கள். உபால்தோ விட்ட கதை என்று நினைக்காதீர்கள். கிளம்பி வந்துவிடுங்கள். கோப்பையை எடுத்து வைத்துக்கொண்டு அவள் விடியும்வரை உட்கார்ந்திருக்கக் கூடாது. வருவீர்கள் அல்லவா?

ஏன் யாரும் பேசவில்லை?

தீனோ... கையை மேசைமேல் வை. கீழே அது எங்கே போகிறது என்று எனக்குத் தெரிகிறது.